பினாங்கில் வயிறு கெட்டுப்போனால்: புதிதாக வருகிறவர்களுக்கு

விடுதி அறையில் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடந்துகொண்டே இதைப் படிக்கிறீர்கள் என்றால், அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டு உப்புக்கரைசல் வாங்க ஆள் அனுப்புங்கள். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் ஊரிலிருந்து கிளம்பவில்லை என்றால் பொறுமையாக முழுவதையும் படியுங்கள்.

மலேசியாவின் பினாங்குக்கு வரும் நம் ஆட்களில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் உண்டு, வேலைக்கு வருகிறவர்கள் உண்டு, இங்கே குடியிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களும் உண்டு. வயிற்றுப்போக்கு யாரையும் விடாது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தானாகவே நின்றுவிடும். அதற்குள் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கிருமி இல்லை, உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். நம்மவர்கள் முதலில் மாத்திரையைத் தேடுகிறார்கள், தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று பயந்து குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை: குடிப்பது

‘ஃபார்மசி’ என்ற பலகை உள்ள எந்தக் கடையிலும் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) என்று கேட்டால் கொடுப்பார்கள். மருத்துவர் சீட்டு தேவையில்லை. கார்டியன், வாட்சன்ஸ், கேரிங் போன்ற கடைகள் ஜார்ஜ் டவுன் நகரம் முழுக்க இருக்கின்றன. எழுந்து போக முடியாவிட்டால் விடுதி வரவேற்பில் சொல்லுங்கள், அல்லது கிராப் செயலியில் வரவழையுங்கள்.

வாங்கியதும் பொட்டலத்தின் பின்பக்கம் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள். தமிழ்நாட்டில் நாம் பழகிய பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு உரியது. இங்கே கிடைப்பது பெரும்பாலும் 250 மில்லி போல ஒரே குவளைக்கான சின்னப் பொட்டலம். ஊர் நினைப்பில் சின்னப் பொட்டலத்தை 1 லிட்டரில் கரைத்தால் அதில் உப்பே இருக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பொட்டலத்தை ஒரு குவளையில் கரைத்தால் உப்பு மிகுந்துவிடும், குழந்தைகளுக்கு அது ஆபத்து. 500 மில்லி தண்ணீர் பாட்டிலில் 250 மில்லிக்கான பொட்டலம் இரண்டைக் கொட்டிக் குலுக்குவது சுலபமான கணக்கு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

பெரியவர்கள் ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு குவளை குடிக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டிலிருந்து பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக் கூடாது. வாந்தியும் இருந்தால் மடமடவென்று குடிக்காதீர்கள், அப்படியே திரும்பி வந்துவிடும். வாந்தி எடுத்த பிறகு பத்து நிமிடம் விட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று கொடுத்தால் தங்கும். பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்ட ஒருவர் இருந்தால், பாதிப் பேருக்கு மருத்துவமனையில் ஏற்றும் டிரிப்பே தேவைப்படாது என்று நான் நம்புகிறேன்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது? குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்தபடிதான் உள்ளே இழுக்கப்படுகின்றன, அவற்றின் பின்னால் நீர் போகிறது. கிருமி குடலைத் தாக்கியிருக்கும்போதும் இந்தப் பாதை பெரும்பாலும் திறந்தே இருக்கும். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் கையில் இருக்கும் அந்தச் சின்னப் பொட்டலத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு.

நடு இரவில் பொட்டலம் கிடைக்கவில்லை என்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்பு கூடிவிடக் கூடாது. கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள்.

இங்கே யாரிடம் சொன்னாலும் ‘ஹண்ட்ரட் பிளஸ் குடி’ என்பார்கள். விளையாடி வியர்த்தவர்களுக்கான பானம் அது. ஓஆர்எஸ்ஸைவிட அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. திடமான ஆளுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. குழந்தைகளுக்கும், நிற்காமல் போகிறவர்களுக்கும் அது போதாது. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். குடிக்கலாம், ஆனால் ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாக இல்லை.

சரியாகக் குடிக்கிறோமா என்பதைச் சிறுநீர் சொல்லிவிடும். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த நிறமாக இருந்தால் போதவில்லை.

இரண்டாவது: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எப்போது, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தொடங்கியது, எத்தனை முறை போனது, காய்ச்சல் உண்டா, இரத்தம் உண்டா. இதை ஃபோனில் எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான், அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வராது.

சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் திடீரென்று வாந்தி தொடங்கினால், உணவில் ஏற்கெனவே ஊறியிருந்த நச்சு காரணமாக இருக்கலாம். வெளியில் கிடந்த சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. காலையில் கட்டிய நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தை மாலையில் பிரித்துச் சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இந்த வகை பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் கழித்து, கூட வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தால் அது நோரோ வைரஸாக இருக்கலாம். அதற்குக் கைத்தூய்மி (சானிடைசர்) அவ்வளவாக உதவாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கழிவறைப் பிடியையும் குழாயையும் துடைக்க வேண்டும்.

காய்ச்சல் இருந்தால் கணக்கு மாறுகிறது

புதிதாக வருகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். மலேசியாவில் டெங்கி ஆண்டு முழுவதும் உண்டு. அது காய்ச்சலோடு வாந்தி, வயிற்றுவலி, சில சமயம் வயிற்றுப்போக்கு என்றும் வரும். ‘நேற்று ராத்திரி சாப்பிட்ட நாசி கண்டார் சோறு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இரண்டு நாள் படுத்துவிட்டு மூன்றாம் நாள் தள்ளாடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

காய்ச்சல் நன்றாக அடித்தால், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிக்கிற மாதிரி வலி என்றால், வயிறுதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கிளினிக்குக்குப் போய் டெங்கி பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். கொஞ்சம் இரத்தத்திலேயே பார்த்துவிடுகிறார்கள், கூடவே இரத்த அணுக்களையும் எண்ணுவார்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே பனடோல் என்று கேட்டால் அதுதான். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்லோஃபினாக் வேண்டாம், டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும். இதய நோய்க்காக மருத்துவர் தினமும் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டு, ஆனால் வயிற்றுவலி கூடி, வாந்தி நிற்காமல், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்து, ஆள் சோர்ந்து சுருண்டுவிட்டால் உடனே மருத்துவமனை. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதியாகப் பறவைப் பூங்காவுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

மலத்தில் இரத்தமோ சளியோ. 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல். ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை. வலி ஒரே இடத்தில், குறிப்பாக வலப்பக்கம் கீழே, நிலைத்து நிற்கிறது. இதில் ஏதாவது ஒன்று போதும், அன்றைக்கே போய்விட வேண்டும். குழந்தையானால் அழும்போது கண்ணீர் வராதது, வாய் உலர்ந்திருப்பது, கண் குழி விழுவது, கூப்பிட்டால் மந்தமாகப் பார்ப்பது. கர்ப்பிணிகளும் எழுபது வயதைத் தாண்டியவர்களும் இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

எங்கே போவது

சாதாரண நேரத்தில் ‘கிளினிக்’ என்று பலகை போட்ட தனியார் மருத்துவரே போதும். லிட்டில் இந்தியா, கொம்தார், ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் என்று எல்லாப் பக்கமும் இருக்கின்றன. சில 24 மணி நேரமும் திறந்திருக்கும். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். இங்கே மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதி உங்களைக் கடைக்கு அனுப்புவதில்லை, கிளினிக்கிலேயே மருந்தைப் பொட்டலம் போட்டுக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வார்கள். எந்த மாத்திரை எதற்கு என்று நின்று கேட்டுவிட்டு வாருங்கள், காப்புறுதிக்காக (இன்சூரன்ஸ்) விவரமான ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலைமை மோசம் என்றால் 999. ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோயின் தீவிரத்தைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பச்சைக்குப் போனால் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும், அது உங்களை அலட்சியம் செய்வதாக அர்த்தமில்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கு இருப்பதைவிட அதிகம். தனியாரில் ஐலண்ட், கிளெனீகல்ஸ், அட்வென்டிஸ்ட், லாம் வா ஈ, லோ குவான் லாய் ஆகியவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன. தனியாரில் சேர்க்க முன்பணமோ காப்புறுதி நிறுவனத்தின் உறுதிக் கடிதமோ கேட்பார்கள். அதனால் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே காப்புறுதியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்துவிடுங்கள்.

பத்து ஃபெரிங்கியில் கடற்கரை விடுதியில் தங்கியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பெரிய மருத்துவமனைகள் எல்லாம் நகரத்தில். அந்தக் கடலோரச் சாலை வளைந்து வளைந்து போகும், மாலையில் நெரிசல் வேறு. வயிறு கலங்கியவரை அதில் உட்காரவைப்பதே பெரும்பாடு. இருட்டுவதற்குள் முடிவெடுங்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். ஆங்கிலம் எல்லா இடத்திலும் போகும், மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதியரும் மருத்துவர்களும் பலர். முகப்பில் ‘அடா ஓராங் சாக்காப் தமிழ்?’ என்று கேட்டால் யாரையாவது கூப்பிடுவார்கள். அவசரத்துக்கு இந்தச் சொற்கள் போதும்: வயிற்றுவலி ‘சாக்கிட் பெருட்’, வயிற்றுப்போக்கு ‘சிரிட்-பிரிட்’, வாந்தி ‘முந்தா’, காய்ச்சல் ‘டெமாம்’, இரத்தம் ‘டாரா’, கழிவறை ‘தண்டாஸ்’. தமிழ் பேசும் தாதி வந்தால் ‘அக்கா’ என்று கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். எத்தனை முறை, என்ன நிறம் என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘லேசா வயிறு சரியில்லை’ என்றால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

மாத்திரைகளைப் பற்றி

ஊரில் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் அட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் பழக்கம் நமக்கு உண்டு. தயவுசெய்து அதை நீங்களாகத் தொடங்காதீர்கள். சாதாரண வயிற்றுப்போக்குக்கு அது தேவையில்லை, வைரஸ் என்றால் வேலையே செய்யாது. நம் பக்கம் பழக்கமான சிப்ரோஃப்ளாக்சசின் வகைக்குத் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பல கிருமிகள் அசைவதில்லை. மலேசியாவில் ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்தாளர் கொடுக்கக் கூடாது. கேட்டு வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

போக்கை நிறுத்தும் லோப்பராமைடு, நீண்ட பேருந்துப் பயணத்துக்கோ விமானத்துக்கோ பெரியவர்களுக்கு உதவும். காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் தொடக் கூடாது, குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கரி மாத்திரை இங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கும். அது மற்ற மருந்துகளையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்பதால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்த்துப் போடாமல் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், மருத்துவரிடம் கரி மாத்திரை போட்டதைச் சொல்லிவிடுங்கள். விடுதிக்காரரோ பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியோ சி-கிட் தெக் அவுன் என்ற சின்ன உருண்டை மாத்திரைகளை அன்போடு நீட்டலாம். இங்குள்ளவர்களுக்கு அதில் நம்பிக்கை அதிகம். வேறு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மருந்தாளரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

அப்பா அம்மா வந்திருந்தால்

இந்தப் பகுதியைப் பிள்ளைகள் படிக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளோ சாப்பிடுகிறவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிலவற்றை ஒன்றிரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். எதை என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அன்றைக்கே கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர் சாப்பிடவில்லையே என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. வீட்டுக் கருவியில் வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரை அளவைப் பாருங்கள். ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை இருக்கிறதே என்று அப்பா மறுப்பார். இந்த நேரத்தில் அது அவருக்குத் தேவையான மருந்து என்று எடுத்துச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நோயை மறைப்பார்கள், அதனால் வாய் வார்த்தையை நம்பாமல் கழிவறைக்கு எத்தனை முறை போகிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.

வேலைக்கு வந்தவர்கள்

உங்கள் முதலாளி எந்தப் பேனல் கிளினிக்கோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார் என்பதை நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். மருத்துவர் ஓய்வு தேவை என்றால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்குங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. எம்சி எடுத்ததை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் சாட்சியும் ஆயிற்று. உணவகத்தில் சமைக்கிறவரோ பரிமாறுகிறவரோ என்றால், நின்ற பிறகும் இரண்டு நாள் சமையற்கட்டுப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

என்ன சாப்பிடலாம்

பட்டினி தேவையில்லை. பசித்ததும் சாப்பிடலாம். லிட்டில் இந்தியா கடைகளில் காலையில் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும், தேங்காய்ச் சட்னியை விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சீனக் காப்பிக் கடைகளில் சூடான அரிசிக் கஞ்சி கிடைக்கும், அதற்கு இங்கே ‘புபோர்’ என்று பெயர். ரசம் சாதம், வாழைப்பழம், சுட்ட ரொட்டி எல்லாம் சரி. அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். தே தாரிக் என்னும் பால் தேநீரில் பால் கெட்டியாக இருக்கும், குடல் புண்பட்டிருக்கும்போது பால் செரிக்காமல் போகலாம். இரண்டு மூன்று நாளைக்குப் பாலில்லாத ‘தே ஓ’ சொல்லுங்கள், குடிக்க ‘ஆயர் சுவாம்’ என்றால் வெதுவெதுப்பான நீர் வரும்.

மறுபடி வராமலிருக்க

பினாங்குச் சாப்பாட்டைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. அதற்காகத்தானே வருகிறோம். உணவைக் கையாளுகிறவர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது இங்கே 2009ஆம் ஆண்டு விதி. கடைச் சுவரில் மாநகர் மன்றம் கொடுத்த ஏ, பி, சி தரச் சான்றும் தொங்கும். அதைவிட நான் நம்புவது சூட்டைத்தான். சாலையோர ஒட்டுக்கடையில் கண்ணெதிரே கொதிக்கும் வாணலியில் புரட்டிப் போடும் சார் குவே தியாவும் (வறுத்த அரிசி நூடுல்ஸ்), கொதிக்கக் கொதிக்க ஊற்றும் அசாம் லக்சாவும் (புளிப்பான மீன் குழம்பு நூடுல்ஸ்) பெரும்பாலும் பாதுகாப்பானவை. ஆனால் சார் குவே தியாவில் போடும் இரத்தச் சிப்பியை அரைவேக்காடாகத்தான் இறக்குவார்கள். ‘தாக் மாவு கெராங்’ என்று சொன்னால் போடாமல் தருவார்கள். நாசி கண்டார் கடையில் மதிய உச்சத்தில் போங்கள், தட்டுகள் காலியாகிப் புதிதாக வந்துகொண்டிருக்கும். மாலை நாலு மணிக்கு ஆறிப்போன மீனும் ரசம் மாதிரி நீர்த்த குழம்பும் மிஞ்சியிருக்கும். தேங்காய்ப்பால் சேர்த்த எதுவும் இந்த வெயிலில் சீக்கிரம் கெடும்.

குழாய்த் தண்ணீர் சுத்திகரித்து வருவதுதான். ஆனாலும் இங்கே குடியிருப்பவர்களே காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிக்கிறார்கள். அறையில் இருக்கும் கெட்டிலைப் பயன்படுத்துங்கள்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தண்ணீர்மலைக் கோயில் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நிறைந்திருக்கும். சுடச்சுடக் கொடுப்பதை அங்கேயே சாப்பிடுங்கள். பொட்டலமாக வாங்கி வைத்து மலை ஏறி இறங்கி வந்து பிரிக்க வேண்டாம். விரதம் இருந்து காவடி எடுப்பவர்கள் ஏற்கெனவே நீர் குறைந்த உடம்போடு வெயிலில் நடக்கிறார்கள். கூடப் போகிறவர் பையில் நாலு பொட்டலம் ஓஆர்எஸ் இருக்கட்டும்.

பெட்டியில் வைக்க

ஓஆர்எஸ் பத்துப் பொட்டலம், பாராசிட்டமால், வெப்பமானி, சோப்பு, தினசரி மருந்துகளின் சீட்டு, காப்புறுதி எண்ணைத் தாளில் எழுதியது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளைப் பற்றிக் கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் இரண்டு விஷயம் உண்டு. போக்கு 14 நாளைத் தாண்டினால் ஒட்டுண்ணியா என்று மலப் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, ஒன்றிரண்டு மாதத்துக்குள் கண் மஞ்சளானாலோ, மலேசியா போய் வந்ததை மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.